அதான் டாக்குமெண்ட்ல இருக்கே

இந்த ஒரு வரிய கேட்டாலே இப்பல்லாம் எனக்கு சுர்ருன்னு ஏறுது. "அதான் டாக்குமெண்ட்ல இருக்கே." சப்போர்ட்ல சொல்வாங்க, டெவலப்பர் சொல்வாங்க, சேல்ஸ்ல சொல்வாங்க, வக்கீல்னு ஒருத்தர் உள்ள வந்தா அவரும் அதையேதான் சொல்வாரு. சாஃப்ட்வேருக்கு மேனுவல், உதவிப் பக்கம் எல்லாம் எழுதற டெக்னிக்கல் ரைட்டரா பொழப்பு நடத்தற எனக்கு இது ஒருவகைல பெருமையா இருக்கணும், நாம எழுதினத எடுத்துக் காட்டிப் பேசறாங்களேன்னு. ஆனா கவனிச்சுப் பாருங்க, யாராச்சும் நஷ்டப்பட்டு வந்து நிக்கும்போது மட்டும்தான் இந்த வரி வெளிய வரும். எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்கறப்ப எந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது, தேடக்கூட மாட்டாங்க, பிரச்சனைன்னு வந்த அடுத்த நிமிஷம் லிங்க்கோட அனுப்பறாங்க.

ரொம்ப நாளா இது மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. டெக்னிக்கல் ரைட்டிங்ல எத்திக்ஸ்னு பேச்செடுத்தா எல்லாரும் பொய் சொல்லாதீங்க, டேட்டாவ திரிக்காதீங்க, கிராஃப்ல ஆக்ஸிஸ வெட்டி வித்தியாசத்த பெருசா காட்டாதீங்கன்னு ஆரம்பிச்சுடறாங்க. சரிதான், ஆனா நான் பாத்த வரைக்கும் எங்க வேலைல அப்பட்டமா பொய் எழுதச் சொல்ற ஆளே அபூர்வம். நான் மாட்டிக்கிட்ட இடம் எல்லாத்துலயும் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. ஒரு எழுத்து தப்பு சொல்ல முடியாது. அப்படி இருந்தும் படிச்சவன் மோசம் போயிருக்கான்.

பச்சை டிக்

ஒரு கம்பெனில சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கான பேக்கப் சாஃப்ட்வேருக்கு டாக்குமெண்டேஷன் பாத்துட்டு இருந்தேன். அதுல ஸ்பேஸ் லிமிட்னு ஒரு செட்டிங் உண்டு. இத்தன ஜிபிக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டுட்டா, இடம் நிரம்பினதும் பழசுல இருந்து ஒவ்வொண்ணா தானா அழிச்சுட்டு புதுசுக்கு இடம் பண்ணிக்கும். கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா பேக்கப் பத்தி தெரிஞ்சவங்களுக்கு இங்கயே வயித்த கலக்கும், ஏன்னா முதல்ல ஒரு தடவ மொத்தத்தையும் எடுக்கற ஃபுல் பேக்கப், அப்புறம் தெனமும் மாறினத மட்டும் எடுக்கற இன்க்ரிமென்டல், இப்படி ஒண்ண புடிச்சு ஒண்ணு சங்கிலியா போகும், அந்தச் சங்கிலில எது பழசு? அந்த ஃபுல் பேக்கப்தான். அது போச்சுன்னா பின்னாடி தொங்கற அத்தனையும் வெத்து. ஃபைல் இருக்கும், சைஸ் காட்டும், ரிஸ்டோர் குடுத்தா பாதில நின்னு எரர் அடிக்கும். இதுல கொடும என்னன்னா டாஷ்போர்டுல பச்சை டிக் தெனமும் விழுந்துகிட்டே இருக்கும், ஏன்னா நேத்து ராத்திரி ஜாப் ஒழுங்காத்தானே முடிஞ்சுது, அதுக்கு என்ன தெரியும்.

ஒரு கஸ்டமருக்கு ஹார்ட் டிஸ்க் போச்சு. பேக்கப் இருக்குன்னு தைரியமா ரிஸ்டோர் குடுத்தாங்க, ஒண்ணும் வரல. கணக்கு ஃபைல் எல்லாம் போயிடுச்சு. அவங்க போட்ட புகார் டிக்கெட்டுக்கு எங்க ஆளுங்க அனுப்பின பதில் ரெண்டே வரி, வருந்துகிறோம்னு ஒண்ணு, இந்த நடத்தை ஆவணத்தில் குறிப்பிடப்பட்டுள்ளதுன்னு ஒரு லிங்க். நான் அந்த லிங்க்க தொறந்து பாத்தேன். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே யாரோ எழுதின பக்கம். அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்னு ஒரு அத்தியாயம், அதுல பெரிய டேபிள், டேபிளுக்குக் கீழ பொடி எழுத்துல: "வரம்பு எட்டப்படும்போது பழைய பேக்கப்புகள் நீக்கப்படும்."

அந்த வரிய நீங்களே இன்னொரு தடவ படிங்க. வரம்பு எட்டப்படும், சரி, யாரு எட்டினா? பழைய பேக்கப்புகள்னா எது, எவ்வளவு பழசு? நீக்கப்படும்னா யாரு நீக்கறா? நீக்கினா எனக்கென்ன நஷ்டம்? நாலு கேள்விக்கும் அதுல பதில் கெடையாது, ஆனா பொய்னும் சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் என்ன செய்யுதோ அதத்தான் சொல்லுது. படிக்கறவனுக்கு என்ன ஆகப்போகுதுன்றத மட்டும் சொல்லல. இன்னொண்ணு, இந்த செட்டிங்க போடறவன் அந்தப் பக்கத்துக்கு வரவே மாட்டான், ஏன்னா அது இன்ஸ்டால் பண்ணும்போது மூணாவது ஸ்க்ரீன்ல வர்ற ஒரு பெட்டி, நம்பர அடிச்சுட்டு நெக்ஸ்ட் போயிடுவான். எவனாச்சும் அந்த நேரத்துல அட்வான்ஸ்டு அத்தியாயத்த தொறந்து டேபிளுக்குக் கீழ இருக்கற பொடி எழுத்த படிப்பானா?

"யாருங்க வாங்குவா?"

அடுத்த வெர்ஷனுக்கு டாக்குமெண்ட் மாத்தற வேல வந்தப்ப நான் அந்த வரிய தூக்கிட்டேன். இன்ஸ்டால் பண்ற பக்கத்துல, அந்த நம்பர அடிக்கச் சொல்ற ஸ்டெப்புக்கு நேர் மேல, வார்னிங்னு தலைப்பு போட்டு எழுதினேன்: "இந்த அளவு நிரம்பினால் சாஃப்ட்வேர் உங்கள் முதல் ஃபுல் பேக்கப்பை அழித்துவிடும். அதன்பின் அந்தச் சங்கிலியில் உள்ள எதையும் மீட்க முடியாது." அவ்வளவுதான். ரிவ்யூக்கு அனுப்பின அன்னிக்கே புராடக்ட் மேனேஜர் கூப்ட்டாரு.

அவரு மோசமான ஆளு கெடையாது, இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த மாதிரி கதைல மேனேஜர்னாலே வில்லனாக்கிடறது வழக்கமாப் போச்சு. அவர் சொன்ன முதல் வாதம் உங்களுக்கே தெரியும், அதான் ஏற்கனவே டாக்குமெண்ட்ல இருக்கே, எதுக்கு ரெண்டு எடத்துல. ரெண்டாவது வாதம் உண்மையிலேயே விஷயம் தெரிஞ்சவர் பேசற மாதிரி இருந்துச்சு. ஆன்சி இசட்535னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்குங்க, மெஷின்ல ஒட்டற ஸ்டிக்கர், மேனுவல்ல வர்ற எச்சரிக்கை இதுக்கெல்லாம் எந்த வார்த்தைய எப்ப போடணும்னு வரையறை. செத்துப்போவான் இல்ல படுகாயம் நிச்சயம்னா டேஞ்சர், ஆகலாம்னா வார்னிங், சின்ன அடின்னா காஷன், உடம்புக்கு ஒண்ணும் இல்ல பொருளுக்குத்தான் சேதம்னா வெறும் நோட்டீஸ். "டேட்டா போனா யாருக்காச்சும் ரத்தம் வருதா? ஸ்டாண்டர்ட்படி இது நோட்டீஸ்தான், நீங்க ஏன் வார்னிங் போடறீங்க"ன்னு கேட்டாரு. சாஃப்ட்வேர்ல ஸ்டைல் கைடு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி சொல்லும், டேட்டா அழிஞ்சா காஷன்னு ஒருத்தரும் வார்னிங்னு ஒருத்தரும் போடுவாங்க, அதனால இதுல நான் தலைப்ப விட்டுக் குடுக்கத் தயாராத்தான் இருந்தேன். அவரு அதோட நிறுத்தியிருந்தா நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

"சரி தலைப்ப விடுங்க. இத இவ்வளவு வெளிச்சம் போட்டுக் காட்டினா யாருங்க வாங்குவா? ட்ரையல் போடறவன் மூணாவது ஸ்க்ரீன்லயே மூடிட்டுப் போயிடுவான்."

எனக்கு அந்த நேரத்துல பதில் வரல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுச்சு, அந்த மனுஷன் தன்னையறியாம எங்க ரெண்டு பேர் சண்டைக்கும் தீர்ப்பு சொல்லிட்டாருன்னு. இத படிச்சா அவன் வாங்க மாட்டான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படின்னா இந்த விஷயம் அவனோட முடிவ மாத்தக்கூடியதுன்னும் தெரிஞ்சிருக்கு. ஒரு தகவலுக்கு எவ்வளவு எடை இருக்குன்னு அளக்க இத விட நல்ல தராசு எங்க கெடைக்கும்? தெரிஞ்சா வாங்க மாட்டான், தெரிஞ்சா பட்டன அமுக்க மாட்டான், தெரிஞ்சா கையெழுத்து போட மாட்டான், அதனால அவன் கண்ணுக்குச் சிக்காத எடத்துல வைன்னு சொல்றோம் பாருங்க, அங்க அவன் எடுக்க வேண்டிய முடிவ நாமளே எடுத்துடறோம். அப்புறம் நஷ்டம் வந்தா மட்டும் லிங்க்க அனுப்பி, "நீதானப்பா தெரிஞ்சுதான் எடுத்த"ன்னு முடிவ அவன் தலைல கட்டறோம்.

அன்னிலேர்ந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த மீட்டிங்லயாச்சும் "இத போட்டா அவங்க பயந்துருவாங்க"ன்னு யாராச்சும் சொன்னா, பேனாவ எடுத்து அந்த வரிக்கு அடில கோடு போட்டுக்குவேன். பயப்பட வேண்டிய காரணமே இல்லாம பயமுறுத்துதுன்னா வரிய மாத்தி எழுதணும். காரணம் இருந்துதான் பயப்படறாங்கன்னா அது முன்னாடி வரணும்.

ஸ்லைடோட அடிவாரம்

கொலம்பியா விண்வெளி ஓடம் கதை நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியும், 2003 பிப்ரவரி 1, தரையிறங்க வர்றப்ப சிதறி 7 பேர் போனாங்க. ஜனவரி 16 கிளம்பினப்பவே, சுமார் 82 செகண்ட்ல, வெளிப்புற எரிபொருள் தொட்டில இருந்து ஒரு ஃபோம் துண்டு பிச்சுகிட்டு வந்து இடது இறக்கைல அடிச்சுது. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஓடம் மேலயே சுத்திட்டு இருக்கு, கீழ இன்ஜினியர்கள் உக்காந்து கணக்கு போட்டு ஸ்லைடு தயார் பண்ணி நாசா மேலிடத்துக்குக் காட்டறாங்க. விபத்து விசாரணைக் குழு தன்னோட அறிக்கைல அதுல ஒரு ஸ்லைட அப்படியே எடுத்துப் போட்டு அலசியிருக்கு.

நான் அந்த ஸ்லைட பாத்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். தலைப்பு என்ன சொல்லுதுன்னா, டெஸ்ட் டேட்டாவ பாத்தா ஓடத்தோட வெப்பம் தாங்கற ஓடுகள் துளைபடறது பத்தின நம்ம கணிப்பு பாதுகாப்பான பக்கமாவே இருக்குன்ற மாதிரி ஒரு ஆறுதல். அதுக்குக் கீழ புல்லட், அதுக்குள்ள சின்ன புல்லட், அதுக்குள்ள இன்னும் சின்னது. "சிக்னிஃபிகன்ட்" (கணிசமான)ன்ற வார்த்தையும் அதோட பங்காளியும் மொத்தம் 5 தடவ வருது, ஒவ்வொரு தடவையும் வேற வேற அர்த்தத்துல, எதுலயும் நம்பர் இல்ல. எல்லாத்துக்கும் அடில, கடைசி மட்டத்துல, எழுத்து பொடிசாகிப் போன எடத்துல இருக்கு அந்த வரி: அடிச்ச துண்டோட கனஅளவு 1920 கன அங்குலம், டெஸ்ட்ல பயன்படுத்தினது 3 கன அங்குலம். வகுத்துப் பாருங்க, 640 மடங்கு. அதாவது தலைப்புல ஆறுதல் சொல்ற டெஸ்ட்டுக்கும் நடந்த விஷயத்துக்கும் சம்பந்தமே கெடையாது, அந்த சம்பந்தம் இல்லன்ற செய்தியும் அதே ஸ்லைடுலதான் இருக்கு.

யாரும் முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கல, தட்டு மேலயேதான் வெச்சிருந்தாங்க, ஆனா யார் கண்ணுக்கும் படல. ஒரு சீனியர் மேனேஜர் இத படிச்சுட்டு உயிர் போற விஷயம்னு புரிஞ்சுக்காம போறது ரொம்ப சுலபம்னு குழுவே எழுதியிருக்கு. இத நான் புதுசா வர்ற ரைட்டர்களுக்குக் காட்டுவேன். எல்லாரும் உடனே ஃபான்ட் சைஸ், டிசைன், பவர்பாயிண்ட் மோசம்னு பேச ஆரம்பிப்பாங்க. நாசால பேப்பருக்குப் பதிலா ஸ்லைடே எல்லா எடத்துலயும் பரவிட்டத குழுவும் குறை சொல்லுதுதான். எனக்கு ஆனா படறது வேற. அந்த 640 மடங்கு தலைப்பா வந்திருந்தா மீட்டிங் வேற மாதிரி போயிருக்கும்னு எழுதினவங்களுக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்காதா? தலைப்புல போட்டா ஒரு பெரிய சண்டை, அடில போட்டா சொல்லிட்டோம்ன்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காக எழுதற வரி எங்க தொழில்ல எக்கச்சக்கம். அவங்க மனசுல அதான் ஓடுச்சுன்னு நான் சொல்ல வரல, அது யாருக்கும் தெரியாது. என் மனசுல, என்கூட வேல பாத்தவங்க மனசுல அது ஓடினத பாத்திருக்கேன்.

தெரிஞ்சிருந்தா

கிளம்பின கொஞ்ச நேரத்துல சிதறிப்போன சாலஞ்சர் விண்வெளி ஓடத்துல இதே விஷயம் இன்னும் நேரடியா இருக்கு. 1986 ஜனவரி 28 காலைல கிளம்பணும், முந்தின ராத்திரி டெலிகான்ஃபரன்ஸ்ல ஓடத்த மேல தள்ற பூஸ்டர் ராக்கெட்ட செஞ்ச மார்ட்டன் தயோகால் கம்பெனி இன்ஜினியர்கள், குளிர் ஆபத்துன்னு, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ ஏவாதீங்கன்னு சொன்னாங்க, நம்மூர் கணக்குல 12 டிகிரி செல்சியஸ். அப்புறம் கம்பெனிக்குள்ள தனியா பேசறப்ப "இன்ஜினியர் தொப்பிய கழட்டிட்டு மேனேஜர் தொப்பிய போடு"ன்னு ஒரு மேலதிகாரி சொன்னது, பரிந்துரை தலைகீழானது எல்லாம் ஊரறிஞ்ச கதை. எல்லாரும் அந்தத் தொப்பி வசனத்துலயே நின்னுடறாங்க. அந்த விபத்த விசாரிச்ச ராஜர்ஸ் கமிஷன் அறிக்கைல அதவிட முக்கியமான ஒரு முடிவு இருக்கு: ஏவலாம்னு கடைசியா முடிவெடுத்த மேலிடத்துக்கு இந்த எதிர்ப்பு நடந்ததே தெரியாது, எல்லா விவரமும் தெரிஞ்சிருந்தா அவங்க அன்னிக்கு ஏவியிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. எதிர்ப்பு எழுத்துல இருந்துச்சு. தயோகால் இன்ஜினியர் ரோஜர் பாய்ஜோலி 1985 ஜூலைலயே மெமோ போட்டு உயிர்ச்சேதம் வரும்னு எழுதியிருந்தாரு. கோப்புல இருக்க வேண்டியது எல்லாம் கோப்புல இருந்துச்சு.

எங்க மேனேஜர் சொன்ன "யாருங்க வாங்குவா"வ பெரிய அளவுல பாக்கணும்னா போயிங் 737 மேக்ஸ்தான். அதுல எம்கேஸ்னு ஒரு மென்பொருள், விமானம் ரொம்ப மூக்க தூக்குதுன்னு ஒரு சென்சார் சொன்னாலே அப்ப தானா மூக்க கீழ அழுத்திடும். விமானிகள் கைல இருந்த மேனுவல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கம் கெடையாது. ஏன் இல்லன்னு கேட்டா விஷயம் பயிற்சில போய் நிக்குது. பழைய 737 ஓட்டினவங்க சிமுலேட்டர்ல உக்காராம, கம்ப்யூட்டர்ல ஒரு பாடம் முடிச்சுட்டு இத ஓட்டலாம்ன்றதுதான் அப்ப விற்பனையோட அஸ்திவாரமே. சிமுலேட்டர் பயிற்சி தேவைன்னு ஆயிட்டா விமானத்துக்கு 10 லட்சம் டாலர் குறைச்சுக்கறோம்னு ஒரு பெரிய ஏர்லைனுக்கு வாக்கே குடுத்திருந்தாங்க, இது அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணைல வெளிய வந்துச்சு. இப்ப அந்த மேனுவல்ல ரெண்டு பக்கம் எம்கேஸ் பத்தி எழுதினா அந்த ரெண்டு பக்கத்தோட விலை என்னன்னு கணக்கு போட்டுக்குங்க. 2018 அக்டோபர் 29 லயன் ஏரோட மேக்ஸ் விமானம் விழுந்து 189 பேர் போனாங்க. அதுக்கப்புறம் நவம்பர் முதல் வாரத்துல போயிங் அனுப்பின பிரசுரத்துலகூட அறிகுறி இது, இப்படி வந்தா இத பண்ணுங்கன்னு இருந்துச்சே தவிர அந்த சிஸ்டத்தோட பேரு இல்ல. 2019 மார்ச் 10 எத்தியோப்பியன் ஏர்லைன்ஸோட மேக்ஸ், 157 பேர்.

நான் பேக்கப் சாஃப்ட்வேருக்கு எழுதறவன், எனக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும்னு தெரியும். ஆனா மேனுவல்ல எது வரணும்னு பேசற எடத்துல ஓடற பேச்சு எல்லா எடத்துலயும் ஒண்ணுதான், "இது யூசருக்குத் தேவையில்லாத டீட்டெயில்". இந்த வரிய ஆபீஸ்ல கேட்டா இப்ப ஒரு கேள்வி கேப்பேன், தேவையில்லன்னா சொல்றதுல நமக்கென்ன கஷ்டம்னு. பக்கம் கூடுது, குழப்பம் வரும்னு பதில் வந்தா அது எடிட்டிங். விலை, சேல்ஸ், பயிற்சி, அப்ரூவல்னு பதில் போச்சுன்னா அது யூசரோட தேவை பத்தின பேச்சே இல்ல.

எல்லாத்துக்கும் வார்னிங் போட்டா?

இங்க ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு, அத தாண்டிப் போக முடியாது. சரிப்பா, முடிவ மாத்தக்கூடிய எல்லாத்தையும் முன்னாடி கொண்டாந்து வெச்சுட்டா பக்கம் முழுக்க மஞ்சள் முக்கோணமாயிடும், அப்புறம் எவனும் எதையும் படிக்க மாட்டான். உண்மைதான். தெராக்-25ன்ற கதிர்வீச்சு சிகிச்சை மெஷின்ல 1985ல இருந்து 1987க்குள்ள 6 பேருக்கு அளவுக்கு மீறின கதிர்வீச்சு அடிச்சுது, சிலர் செத்தே போனாங்க. அதுல ஸ்க்ரீன்ல வந்த செய்தி "மால்ஃபங்ஷன் 54". என்ன அர்த்தம்னு மேனுவல்ல விளக்கம் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடியே இப்படி எரர் மேல எரர் வந்து பழகிப்போன ஆபரேட்டர்கள், சில நாள்ல டஜன் கணக்குல வருமாம், பி கீய ஒரு தட்டு தட்டினா மெஷின் விட்ட எடத்துல இருந்து தொடரும்னு பழகிட்டாங்க. அதிக டோஸ் போக வாய்ப்பே இல்லன்னும் அவங்க கிட்ட சொல்லி வெச்சிருந்தாங்க. அப்ப மால்ஃபங்ஷன் 54 வந்தா என்ன பண்ணுவாங்க? பி தட்டினாங்க. நானா இருந்தாலும் தட்டியிருப்பேன்.

அதனால எச்சரிக்கைய குவிக்கறதும் ஒருவகைல மறைக்கறதுதான். பாதுகாப்புக்குன்னு குவிக்கறவங்கள நல்லா பாருங்க, யாரோட பாதுகாப்புக்குன்னு புரிஞ்சுடும். ஒரு மிக்ஸிக்கோ ட்ரில்லிங் மெஷினுக்கோ வர்ற புத்தகத்துல முதல் பல பக்கம் வெறும் எச்சரிக்கையா இருக்கும், தண்ணில போடாதீங்கன்றதும் விரல் துண்டாகும்ன்றதும் ஒரே சைஸ் எழுத்துல. அது கோர்ட்டுக்காக எழுதினது, நாளைக்கு கேஸ் வந்தா எடுத்து நீட்ட. வாங்கினவன் அத படிக்கணும்னு எழுதினவங்களுக்கே ஆசை இருந்திருக்காது.

அப்ப என்னதான் பண்றது? மெஷின் பாதுகாப்புல ஐஎஸ்ஓ 12100னு ஒண்ணு இருக்கு, அதுல வரிசை தெளிவா சொல்லியிருப்பாங்க, முதல்ல ஆபத்தே இல்லாத மாதிரி டிசைன் பண்ணு, முடியலன்னா தடுப்பு வை, அதுக்கும் மேல மிச்சம் இருக்கறதுக்குத்தான் எழுதி எச்சரி. எழுத்து கடைசி. தெராக்-25ல பழைய மாடல்ல இருந்த ஹார்ட்வேர் தடுப்ப எடுத்துட்டு எல்லாத்தையும் சாஃப்ட்வேர நம்பி விட்டாங்க, முதல் ரெண்டு படிய தூக்கிட்டு மூணாவதுலயும் நம்பர் 54னு எழுதி வெச்ச மாதிரி.

எங்க பேக்கப் கதைலயும் முடிச்சு அவிழ்ந்தது இங்கதான். அந்த ரெண்டு வரி வார்னிங் ரிவ்யூல தொங்கிட்டு இருந்தப்ப, அந்த மாட்யூல பாத்துக்கற டெவலப்பர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளான பொண்ணு, என் சீட்டுக்கு வந்துச்சு. "அண்ணா, இதென்ன, ஃபுல் பேக்கப்ப அழிச்சுடும்னு எழுதியிருக்கீங்க, அது பக், சாஃப்ட்வேர்ல இருக்கற தப்புன்னுல்ல சொல்லணும்?" நான் சொன்னேன், ஸ்பெக்ல, அதான் சாஃப்ட்வேர் என்ன செய்யணும்னு எழுதி வெச்ச குறிப்புல, அப்படித்தாம்மா இருக்கு, பழச முதல்ல அழின்னு. ஸ்பெக்க தொறந்து பாத்துச்சு. பழச அழின்னு எழுதினவருக்கு சங்கிலி ஞாபகமே வந்திருக்காது, அதுக்கப்புறம் அத படிச்ச அத்தன பேருக்கும் "பழைய பேக்கப்புகள் நீக்கப்படும்"னு படிக்கறப்ப ஒண்ணும் உறுத்தல. "உங்க முதல் ஃபுல் பேக்கப்ப அழிச்சுடும், எதையும் மீட்க முடியாது"ன்னு படிச்சப்புறம்தான் உறுத்துச்சு. அழகா வழவழன்னு எழுதினா கஸ்டமர் மட்டும் இல்ல, செஞ்சவங்களே ஏமாந்துடறாங்க. கொஞ்ச நாள்ல அந்தப் பொண்ணே மாத்திடுச்சு, இடம் நிரம்பினா முதல்ல புதுசா ஒரு ஃபுல் பேக்கப் எடுத்து, அது சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் பழைய சங்கிலிய மொத்தமா தூக்கும், இடம் பத்தலன்னா நின்னு சிவப்புல கத்தும். என் வார்னிங்குக்கு வேல இல்லாம போயிடுச்சு, நானே டெலீட் பண்ணேன். மேனேஜருக்கும் சந்தோஷம், அவரு சொன்னபடியே பக்கத்துல வார்னிங் இல்ல பாருங்க.

நெறிமுறைல எழுதியிருக்கறது

இந்தத் துறைக்குன்னு எத்திக்ஸ் கோட் இருந்துச்சு. சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன்னு அமெரிக்கால பழைய அமைப்பு, 2025 ஜனவரில இழுத்து மூடிட்டாங்க. சட்டத்துக்கு உட்படுதல், நேர்மை, ரகசியம் காத்தல், தரம், நியாயம், தொழில் ஒழுங்குன்னு ஆறு கொள்கை வெச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியா எடுத்தா யாரும் மறுக்க முடியாது. ஆனா ரிலீஸுக்கு முந்தின சாயங்காலம் ரகசியம் காத்தலும் நேர்மையும் ஒண்ணோட ஒண்ணு மோதறப்ப எது ஜெயிக்கணும்னு ஆறுல ஒண்ணும் சொல்லாது. அதோட எங்க கைல அதிகாரமும் கெடையாது, டாக்டர், இன்ஜினியர் மாதிரி லைசென்ஸ் போயிடும்னு சொல்லி மறுக்க முடியாது, எங்கள மாத்திட்டு வேற ஆள வெச்சு எழுதிக்கலாம், இப்பல்லாம் ஆளே வேண்டாம், ஏஐ கிட்ட குடுத்தா இன்னும் வழவழன்னு எழுதிக் குடுக்கும், "சில சூழ்நிலைகளில் தரவு பாதிக்கப்படலாம்"னு. படிக்கறவங்களும் பக்கத்த தொறக்கறது இல்ல, சாட்பாட்கிட்ட கேக்கறாங்க, அது ஸ்டெப்ப மட்டும் எடுத்துச் சொல்லிட்டு டேபிளுக்குக் கீழ கெடந்தத விட்டுட்டா கேக்க ஆள் இல்ல. இதனாலயே எச்சரிக்கைய தனிப் பக்கத்துல வைக்காம அந்த ஸ்டெப்போட வாக்கியத்துக்குள்ளயே சொருகறது இப்ப முன்னவிட முக்கியமாயிடுச்சுன்னு நெனைக்கறேன்.

கொலம்பியா அறிக்கைல எனக்கு ஸ்லைட விட அதிகமா உறுத்தினது ஒரு மெயில். ராட்னி ரோச்சான்ற நாசா இன்ஜினியர், இறக்கைல அடிபட்ட எடத்த வெளில இருந்து படமெடுத்துப் பாக்கணும்னு கேட்டு மேல இருந்து வேண்டாம்னு வந்தப்ப, இது தப்பான முடிவு, கிட்டத்தட்ட பொறுப்பில்லாத முடிவுன்னு ஒரு மெயில் எழுதினாரு. பாதுகாப்பு இல்லன்னா வாய தொறந்து சொல்லுன்னு நாம எல்லா எடத்துலயும் போஸ்டர் ஒட்டி வெச்சிருக்கோமே, அந்த அளவுக்கு சீரியஸ் இதுன்னு அதுலயே எழுதியிருக்காரு. எழுதி, பிரின்ட் எடுத்து, கூட வேல பாக்கறவர்கிட்ட காட்டினாரு. மேலிடத்துக்கு அனுப்பல. அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன், அந்த எடத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும். ஆனா எழுதத் தெரிஞ்சவனுக்கு எழுதறதோட பாதி பாரம் எறங்கிடுது, அதுதான் எங்க தொழில்ல இருக்கற பெரிய ஆபத்துன்னு எனக்கு அப்பதான் தோணுச்சு.

பேக்கப் விஷயத்துல இன்னும் ஒண்ணு பாக்கி. புது வெர்ஷன் சரியாயிடுச்சு, ஆனா பழைய வெர்ஷன வாங்கி அப்டேட் பண்ணாம உக்காந்திருக்கற கஸ்டமர்கள் அதே பச்சை டிக்க பாத்துட்டு நிம்மதியா இருக்காங்க. புது வெர்ஷன்ல என்ன மாறுச்சுன்னு சொல்ற ரிலீஸ் நோட்ல "பேக்கப் சங்கிலி மேலாண்மை மேம்படுத்தப்பட்டது"ன்னு போட்டாங்க, நான் அத மாத்தி, பழைய வெர்ஷன்ல என்ன ஆகும்னு ஒரு வரி சேத்தேன், அது தப்பிச்சுடுச்சு. ஆனா ரிலீஸ் நோட்ட அப்டேட் பண்றவன்தானே படிப்பான், பண்ணாதவனுக்கு மெயில்தான் அனுப்பணும். மெயில எழுதிக் குடுத்தேன், நாலே வரி, என்ன செட்டிங், எங்க பாக்கணும், இப்பவே என்ன பண்ணணும். லீகல்ல கேக்கணும்னு மேனேஜர் சொன்னாரு, லீகல்ல மார்க்கெட்டிங்க கேக்கச் சொன்னாங்க. நான் வேற வேலைக்கு மாறி வர்ற வரைக்கும் வாரா வாரம் அந்தத் த்ரெட்ல போய் என்னாச்சுன்னு கேட்டுட்டு இருந்தேன், கடைசியா சப்போர்ட்ல இருந்த ஒருத்தர் யாரையும் கேக்காம, டிக்கெட் போடற ஒவ்வொரு பழைய வெர்ஷன் கஸ்டமருக்கும் அந்த நாலு வரிய பதிலோட அடில ஒட்டி அனுப்ப ஆரம்பிச்சாரு. டிக்கெட் போடாதவங்களுக்கு இன்னும் போகலன்னுதான் கேள்விப்பட்டேன்.